இடைக்கால இஸ்லாமியத் தமிழ் இலக்கியமும் அதன் உலகச் சூழலும்

நம் கல்லூரியின் விழா மலருக்குத் தமிழ் பற்றிய கட்டுரை ஒன்று தரவேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபொழுது, எதனை எழுதுவது என்று நெடுநேரம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. யான் இக்கல்லூரியின் பழைய மாணவன். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவனல்லன். ஆசிரிய கலாசாலையிற் பயின்று வெளியேறிய பயிற்றப்பட்ட தமிழாசிரியன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கல்முனைக் கரையிலுள்ள முஸ்லிம் ஊர்ப் பாடசாலை ஒன்றிலே தமிழ் கற்பித்து வருகின்றேன். அங்கே, சீறாப்புராணப் பகுதியொன்றை நடத்தி முடித்த ஒருநாள், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், சீறாப்புராணம் உங்கட இலக்கியமா, எங்கட இலக்கியமா?” என்று கேட்டாள்.

வகுப்பிலே சிரிப்பெழுந்தது. யானும் சிரித்து, “தமிழிலக்கியம் பிள்ளை” என்று கூறி அப்பாற் சென்றேன். ஆயின் அவ்விடை எனக்கே போதியதாகத் தோன்றவில்லை. அவள் கேட்டது நூலின் சமயத்தைப் பற்றியன்று, உரிமையைப் பற்றி. ஒரு மொழியில் இரு சமயத்தார் வாழும்போது, ஒருவர் ஆக்கிய செல்வம் மற்றவருக்கு உரித்தாகுமா என்பதே அவள் வினா. இதற்கு முறையாக விடை கூற முயன்றபோது, என் தேடல் கல்முனையிலிருந்து காயல்பட்டினத்துக்கும், அங்கிருந்து எதிர்பாராத வகையில் ஐரோப்பாவின் மேற்கெல்லையிலுள்ள ஸ்பெயின் நாட்டுக்கும் என்னை இட்டுச் சென்றது. அவ்வழியிற் கண்டவற்றைப் பழைய மாணவர்க்கும், இன்று பயில்வார்க்கும், உடனாசிரியர்க்கும் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரையும் கலமும்

அரபு நாட்டுக் கலங்கள் இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பிருந்தே தென்னிந்தியக் கரைக்கும் ஈழத்துக்கும் வந்து சென்றன. பின்னர் வந்தோரிற் சிலர் கரையோரப் பட்டினங்களிலே தங்கி, மணஞ்செய்து, குடியாயினர். அவர்தம் மக்களுக்குத் தாய்மொழி தமிழே ஆயிற்று. காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை, நாகூர் முதலிய ஊர்களிலே வாணிகமும் கல்வியும் ஒருங்கே வளர்ந்தன. அவ்வூர்களுக்கும் ஈழத்துத் துறைகளுக்கும் இடையே தோணிகள் ஓடின. தோணியேறி வந்தவற்றுள் துணியும் அரிசியும் மட்டுமன்றி ஏடுகளும் இருந்தன.

இக்கடலிலே தமிழ் எத்துணை மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்குக் காலியிலே 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டுச் சான்றாகும். சீனத் தளபதி செங்ஹோ கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டினது. அதிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தபெருமானையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. அக்கல் இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. ஒரே கல்லிலே மூன்று நெறிகளுக்கும் இடம் இருந்தது என்பதை வாசகர் உளங்கொள்க.

இத்தகைய சூழலிலேதான் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பிறந்தது. இன்று கிடைப்பனவற்றுட் பழையதெனக் கருதப்படுவது பல்சந்தமாலை. முழுநூல் கிடைத்திலது, களவியற் காரிகை என்னும் நூலின் உரையிலே மேற்கோளாக வந்த சில செய்யுட்களே எஞ்சியுள்ளன. அதன் காலம்பற்றி அறிஞர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். முழுமையாகக் கிடைக்கும் நூல்களுள் மூத்தது ஆயிர மசலா. அதிலிருந்தே நம் பயணத்தைத் தொடங்குவோம்.

ஒரு நூல், இரு நோக்கம்

‘மசலா’ என்பது வினா அல்லது சிக்கல் எனப் பொருள்படும் அரபுச் சொல். ஆயிரம் வினாக்களுக்கு விடை கூறும் நூலாதலின் ஆயிர மசலா எனப்பட்டது; அதிசய புராணம் என்பது அதன் மறுபெயர். இயற்றியவர் வண்ணப்பரிமளப்புலவர். அரங்கேறியது மதுரையில், 1572ஆம் ஆண்டிலே. யூதர் தலைவராகிய அப்துல்லாஹ் இப்னு சலாம் என்பார் நபிகள் நாயகத்தை அணுகி, படைப்பு, சுவர்க்கம், நரகம், மறுமை, மார்க்கக் கடமை முதலியனபற்றி வினாவுதலும், தக்க விடைகள் பெற்று மனந்தெளிந்து தம்மவரோடு இஸ்லாத்தைத் தழுவுதலுமே நூற்பொருள். பொருள் அரபு நாட்டது. யாப்போ முற்றிலும் தமிழ் மரபுக்குரியது. கடவுள் வாழ்த்தோடு தொடங்கி, அவையடக்கம் கூறி, விருத்தத்தாற் பாடி முடித்தார் புலவர்.

இந்நூலின் மூலம் பத்தாம் நூற்றாண்டளவில் அரபு மொழியில் வழங்கிய ஒரு வினாவிடை நூலாகும். அம்மூலம் பாரசீகம், தமிழ், மலாய், யாவகம் ஆகிய மொழிகளுக்குச் சென்றது. மலாய் மொழியிலே ‘ஆயிரம் மசலாக்களின் கதை’ என்னும் பொருளுடைய பெயரும், யாவக மொழியிலே ‘சாமுது’ என்னும் பெயரும் பெற்றது. கிழக்கு நோக்கிய இப்பயணம் நாம் எதிர்பார்க்கக் கூடியதே. ஆயின் இந்நூல் மேற்கு நோக்கியும் சென்றது என்பதும், தமிழுக்கு வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டே ஐரோப்பாவின் கல்வி மொழியாகிய இலத்தீனைச் சென்றடைந்தது என்பதும் பலர் அறியாத செய்திகள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவராயிருந்த பேதுரு என்பார், 1142இல் ஸ்பெயினுக்குச் சென்றார். அங்கே அரபு அறிந்த அறிஞர்களைப் பொருள்கொடுத்து அமர்த்தி, இஸ்லாமிய நூல்கள் சிலவற்றை இலத்தீனிற் பெயர்ப்பித்தார். திருக்குர்ஆனை இங்கிலாந்தவராகிய இறொபேட்டு என்பாரும், ஆயிரம் வினா நூலைக் கரிந்தியா நாட்டு எர்மன் என்பாரும் பெயர்த்தனர். 1143 அளவில் அப்பணி நிறைவுற்றது. இம்மொழிபெயர்ப்புகள் 1543ஆம் ஆண்டு பாசெல் நகரிலே அச்சேறின.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. குளூனி மடத்தார் அந்நூலைப் பெயர்ப்பித்தது அதன் கொள்கையை மறுப்பதற்காக. வண்ணப்பரிமளப்புலவர் அதனைப் பாடியது தம் மக்களுக்கு மார்க்கத்தை உணர்த்துவதற்காக. நூல் ஒன்றே, கொண்ட நோக்கம் நேரெதிர். ஒரு நூலை யார் எதற்காகக் கையிலெடுக்கின்றனர் என்பதே அந்நூல் அவருக்கு அயலதா உரியதா என்பதைத் தீர்மானிக்கின்றது. என் மாணவியின் வினாவுக்கு விடையின் ஒரு பாதி எனக்கு இங்கே கிடைத்தது.

விண்ணேற்றம் பாடிய நூல்கள்

அடுத்துக் கூறத்தக்கது ஆலிப்புலவர் இயற்றிய மிகுராசு மாலை. இது 1590ஆம் ஆண்டினது. நபிகள் நாயகம் புறாக்கு என்னும் ஊர்தியிலே ஏறி, ஓரிரவில் விண்ணுலகங்கள் ஏழினையும் கடந்து இறைவனைச் சந்தித்து மீண்ட நிகழ்ச்சியே மிகுராசு. இந்நூல் நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றிலே அரங்கேறியதென்பர். அவ்வரங்கேற்றத்துக்கு இந்துவாகிய செட்டியார் ஒருவர் துணைநின்றார் என்பது அப்பகுதியில் வழங்கும் செய்தி.

இவ்விண்ணேற்றக் கதையும் ஸ்பெயினிலே பெயர்க்கப்பட்டது. காசுத்தீலிய மன்னன் பத்தாம் அல்போன்சோவின் அவையிலே யூத மருத்துவரான ஆபிரகாம் என்பார் அதனை அரபிலிருந்து காசுத்தீலிய மொழிக்குக் கொணர்ந்தார். அதிலிருந்து இத்தாலியராகிய பொனவெந்தூரா என்பார் 1264 அளவில் இலத்தீனுக்கும் பழைய பிரெஞ்சுக்கும் மாற்றினார். முஸ்லிம்களின் கதையை யூதர் பெயர்க்க, கிறித்தவ மன்னன் ஏற்க, இத்தாலியர் பரப்பினர் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது.

இத்தாலிய மகாகவி தாந்தே பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நரகம், கழுவாயுலகம், சுவர்க்கம் ஆகிய மூன்றினையும் சுற்றிவந்ததாகப் பெருங்காப்பியம் பாடினார் அன்றோ? அக்காப்பியத்திலே மிகுராசுக் கதையின் சாயல் உண்டென்று 1919இலே ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாரும் அரபுப் பேராசிரியருமான ஆசின் பலாசியோசு எழுதியபோது பெரும் பூசல் எழுந்தது. 1949இலே மேற்சொன்ன இலத்தீன், பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் அச்சில் வெளிவந்த பின்னர், அக்கதை தாந்தேயின் காலத்து ஐரோப்பாவில் வழங்கியது என்பதை எவரும் மறுத்தற்கில்லை. தாந்தே அதனை நேரே படித்தாரா என்பது இன்றும் வாதத்துக்குரியதே. எவ்வாறாயினும், ஆலிப்புலவரும் தாந்தேயும் ஒரே கதை வழங்கிய பேருலகின் இரு கரைகளிலே நின்று பாடியவர்கள் எனக் கூறுதல் மிகையாகாது.

வெள்ளாட்டி பெற்ற வெற்றி

எனக்கு அந்த வினாவை விடுத்த மாணவியின் வீட்டுக்கு ஒருமுறை சென்றிருந்தேன். அவளுடைய உம்மம்மா முதுமையால் தளர்ந்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவே பள்ளிக் கல்வி பெற்றவர். யான் தமிழ் படிப்பிப்பவன் என்று அறிந்ததும், வெள்ளாட்டி மசலாவிலிருந்து பல பகுதிகளை இராகத்தோடு சொல்லிக் காட்டினார். அந்நூல் பெட்டியிலே பட்டுத்துணி சுற்றி வைக்கப்பட்டிருந்ததாகவும், 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல் பொங்கிய காலையிலே வீட்டோடும் பெட்டியோடும் அதுவும் போயிற்று என்றும் கூறினார். “கடல் கிதாபத்தானே கொண்டு போன, என்ட நெஞ்சில இருக்கிறத்தக் கொண்டு போகல்லயே” என்றார்.

வெள்ளாட்டி என்பாள் அடிமைப்பெண். செல்வமிழந்த வணிகன் மகன் ஒருவனிடம் எஞ்சியிருந்தவள் அவள் ஒருத்தியே. தன்னைக் கலீபா ஆறூன் இறசீதிடம் பெருவிலைக்கு விற்குமாறு அவளே கூறுகின்றாள். விலைக்குத் தக்க அறிவு உண்டா என்று சோதிக்க, நாட்டின் பேரறிஞர்கள் வருகின்றனர். மார்க்கம், மருத்துவம், வானநூல் முதலிய துறைகளில் அவர்கள் விடுக்கும் வினாக்கள் யாவற்றுக்கும் விடை கூறி, தான் திருப்பி வினாவி அவர்களை நாணுறச் செய்கின்றாள். ஆயிரத்தொரு இரவுகள் என்னும் அரபுக் கதைத் தொகுதியிலே தவத்துது என்னும் பெயரோடு வருபவள் இவளே.

இக்கதையும் ஸ்பெயினுக்குச் சென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே காசுத்தீலிய மொழியிற் பெயர்க்கப்பட்டு, ‘தெயோதோர் என்னும் கன்னி’ ஆயிற்று. பின்னர் மலிவுப் பதிப்புகளாக ஊர்தோறும் விற்பனையாயிற்று. நாடகாசிரியர் லோப்பே தெ வேகா அதனை நாடகமாக்கினார். ஸ்பானியர் கடல் கடந்து அமெரிக்காவிலே குடியேறியபோது கதையும் உடன் சென்று, மெக்சிக்கோவின் மாயர் மொழி ஏடுகளிலும் இடம்பெற்றது. கல்முனைக் கரையிலே ஒரு மூதாட்டியின் நாவிலே தவழும் கதையும், மாயர் ஏட்டிலே எழுதப்பட்ட கதையும் ஒருத்தியினுடையவை. வகுப்பிலே இதனைக் கூறியபோது பிள்ளைகள் உலகப் படத்தை எடுத்துக் கோடு வரைந்து பார்த்தனர்.

ஓர் அடிமையின் மாணவர்

இதுகாறும் கதைகளின் பயணத்தைக் கண்டோம். இனி, ஸ்பெயினின் கிழக்குக் கரையிலே ஒரு மொழி வளர்ந்தவாற்றை ஒப்புநோக்கிக் காண்போம். பார்சலோனா, வலென்சியா, மயோர்க்காத் தீவு ஆகிய இடங்களிலே வழங்குவது கத்தலான் மொழி. அது ஸ்பானிய மொழியின் கிளையன்று. இலத்தீனிலிருந்து தனித்துப் பிரிந்த மொழி. பதின்மூன்றாம், பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளிலே அம்மொழி வளஞ்சிறந்து விளங்கியது. மன்னர் வரலாறுகள், வாணிகச் சட்டங்கள், கவிதைகள், 1490இலே வலென்சியாவில் அச்சான ‘வெள்ளைத் திரான்ட்’ என்னும் பெருங்கதை ஆகியவை அதன் செல்வங்கள். நம்மவரைப் போலவே அவர்களும் கடலோடிகள். அயலிலே முஸ்லிம்களும் யூதரும் வாழக் கண்டவர்கள்.

அம்மொழியின் தந்தை எனப் போற்றப்படுபவர் மயோர்க்காத் தீவினராகிய இரமோன் லுல் (1232 அளவில் – 1316). செல்வக் குடியிற் பிறந்து அரசவையிலே களிப்புற்று வாழ்ந்த அவர், முப்பதாம் அகவையளவில் துறவு மனம் பூண்டார். முஸ்லிம்களோடு சமய உரையாடல் நிகழ்த்த வேண்டுமாயின் அவர்தம் மொழியைக் கற்றல் வேண்டும் என்று துணிந்து, முஸ்லிம் அடிமை ஒருவரை விலைக்கு வாங்கி, ஒன்பது ஆண்டுகள் அவரிடம் அரபு பயின்றார். அதன்பின் கத்தலான், அரபு, இலத்தீன் ஆகிய மூன்றிலும் நூல்கள் இயற்றினார். அறிவு நூல்கள் இலத்தீனிலேயே எழுதப்படவேண்டும் என்றிருந்த காலத்தில், தத்துவத்தையும் இறையியலையும் தாய்மொழியில் எழுதத் துணிந்தவர் அவர். யூதர், கிறித்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று அறிஞர்கள் ஒருவரையொருவர் இகழாது, சமயமறியா ஒருவனுக்குத் தத்தம் நெறியை விளக்கும் உரையாடல் நூலொன்றும் அவர் செய்தார். அவன் எதனைத் தேர்ந்தான் என்பதைக் கேளாமலே மூவரும் விடைபெற்றுச் செல்வதாக நூலை முடித்தார். 1276இலே அரபு கற்பிக்கும் கல்லூரி ஒன்றையும் மீராமார் என்னுமிடத்தில் நிறுவச் செய்தார்.

லுல் இயற்றிய ‘காதலனும் காதலிக்கப்படுவோனும்’ என்னும் நூல் ஆண்டின் நாள்தோறும் ஒன்றாகச் சிந்திப்பதற்கெனச் சிறு சிறு பகுதிகளாக அமைந்தது. காதலன் ஆன்மா, காதலிக்கப்படுவோன் இறைவன். இதனைச் சூபியரின் முறையைப் பின்பற்றி எழுதியதாக அவரே குறித்துள்ளார். நாயகன் நாயகி பாவத்திலே பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபைப் பயின்றோர்க்கு இம்முறை புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த மஸ்தான் சாகிபு சூபிய நெறியினர். ஆயினும் தாயுமானவரின் சொல்லும் ஓசையும் அவர் பாடல்களிலே ஊறிக் கிடக்கின்றன. அவர்மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர். அங்கே கிறித்தவத் துறவி சூபியரிடம் முறை கற்றார்; இங்கே சூபிய ஞானி சைவ அடியாரிடம் சொற் கற்றார்.

ஆயின் லுல்லின் வரலாற்றிலே ஆசிரியனாகிய என் மனத்தை வருத்துவது ஒன்று உண்டு. அவருக்கு அரபு கற்பித்த அடிமையின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஒன்பதாண்டுக் கற்பித்தலின் இறுதியிலே சமயத்தைப்பற்றிய சொல்லொன்றால் இருவரிடையும் பகை மூண்டது. லுல் ஆசிரியரை அடித்தார். அவர் பின்னொருநாள் லுல்லை வாளாற் குத்தினார், சிறையிலிடப்பட்டார், அங்கே தூக்கிட்டு மாண்டார். மாணவரின் புகழ் உலகெங்கும் பரவிற்று, ஆசிரியருக்குப் பெயருமில்லை. கற்றவர் கற்பித்தவரைச் சமமாகக் கருதாவிடத்து, கல்வி எத்துணை உயரினும் அதன் அடியிலே ஒரு துயர் கிடக்கும்.

உமறுவின் இரு ஆசிரியர்கள்

இதனோடு உமறுப்புலவர் (1642–1703) கற்ற வரலாற்றை ஒப்பிடுக. எட்டயபுர அரண்மனைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவரிடம் உமறு தமிழ் கற்றார். ஆசிரியர் இந்து, மாணவர் முஸ்லிம். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடவேண்டுமென வள்ளல் சீதக்காதி விரும்பியபோது, அரபு நூற்செய்திகளைக் கீழக்கரை மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் வழியாகப் பெற்றார். சீதக்காதி மறைந்த பின்னர், பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரித்தார். இருவகை ஆசிரியர்களின் பெயரையும் தமிழுலகம் மறக்கவில்லை.

விளைந்தது சீறாப்புராணம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில், 92 படலங்களாக, 5027 விருத்தங்கள் உடையது. கம்பரையும் சிந்தாமணியையும் கற்றுத் தேறிய நாவொன்று மக்கத்தைப் பாடிற்று. நாட்டுப் படலத்திலே அரபு நாட்டில் மழை பொழிகின்றது; ஆறு பெருகுகின்றது; மருத நிலத்து உழவர் நெல் விதைக்கின்றனர். பாலை நிலத்திலே நெல் விளையுமோ எனச் சிலர் நகைப்பர். காப்பியத்துக்கு நாடும் நகரும் வளமுடையனவாகப் பாடப்படல் வேண்டும் என்பது தமிழ் மரபு. அம்மரபை உமறு தம் நாயகரின் பிறந்த மண்ணுக்குச் சூட்டிய மாலையாகவே கொள்ளல் தகும். நாயகத்தின் வரலாற்றை உமறு முற்றாகப் பாடி முடிக்கவில்லை. எஞ்சிய பகுதியைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா எனப் பாடினார். சீறாப்புராணத்தை 1842இலே முதன்முதல் அச்சேற்றியவர் புலவர் நாயகம் என அழைக்கப்பட்ட செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம்.

மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் முதலிய வகைகளை முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குப் புதியனவாகத் தந்தனர். கோவை, கலம்பகம், பிள்ளைத்தமிழ், அந்தாதி முதலிய பழைய வகைகளிலும் பாடினர். கொண்டதும் உண்டு, கொடுத்ததும் உண்டு.

எழுத்து மறைந்த கதை

இறுதியாக, எழுத்தைப்பற்றி ஒரு சொல். தமிழ்மொழியை அரபு எழுத்தால் எழுதும் அரபுத்தமிழ் என்னும் முறை நம் கரையிலே பெருவழக்காயிருந்தது. திருமறை ஓதுதற்கு அரபு எழுத்தைச் சிறுவயதிலேயே கற்ற பெண்டிர்க்கு அவ்வெழுத்திலே தமிழைப் படித்தல் எளிதாயிருந்தது. அரபியிலே பகரம், டகரம், ளகரம் முதலியவற்றுக்கு எழுத்தில்லை. ஆதலின் உள்ள எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டியும் மாற்றியும் புதிய எழுத்துகளை அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியார்கள் இம்முறையிலே பல நூல்கள் செய்தனர்.

ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்களும் இவ்வாறே செய்தனர். அரபு பேச்சு மறந்து ஸ்பானிய மொழியே தாய்மொழியான பின்னரும், அதனை அரபு எழுத்தால் எழுதினர். அதற்கு அல்ஹமியாதோ என்று பெயர். அவர்களுக்கும் அதே இடர்ப்பாடு நேர்ந்தது; பகர ஒலிக்கு எழுத்தில்லை. பகரத்தை ஒத்த அரபு ‘பா’ எழுத்தின்மேல் இரட்டிப்புக் குறியிட்டு அதனைத் தீர்த்துக்கொண்டனர். காயல்பட்டினத்தாரும் அறகோன் நாட்டாரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டனர்.

ஆயின் முடிவு ஒன்றாயில்லை. ஸ்பெயினில் முதலில் அரபு நூல்கள் தடைசெய்யப்பட்டன. பின்னர், 1609 முதல் 1614 வரை, முன்பே கட்டாயத்தால் மதம் மாற்றப்பட்டிருந்த அம்மக்களுள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். அவர்களுட் பலர் பேசியது ஸ்பானிய மொழியே. அயலார் பேசியதும் அதுவே. மொழி ஒன்றாயிருந்தும் அவர்களைக் காக்கவில்லை. 1884இலே அறகோன் நாட்டு அல்மொனாசித் என்னும் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, தளத்தின் அடியிலே மறைத்து வைத்திருந்த அரபு, அல்ஹமியாதோ ஏடுகள் பல வெளிப்பட்டன. திரும்பி வந்து எடுப்போம் என்று எண்ணி மறைத்தனர் போலும். எவரும் திரும்பி வரவில்லை. ஏடுகளைப் படிப்பதற்கு அறிஞர் இருந்தனர். இராகத்தோடு பாடுவதற்கு ஓர் உம்மம்மா இருக்கவில்லை.

விடை

பெரியநீலாவணையிலிருந்து தெற்கே கடற்கரை வீதியாற் சென்றால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழரூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரக் காண்கின்றோம். பாண்டிருப்பிலே திரௌபதையம்மன் கோயிலில் தீமிதிப்பு நிகழும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டவர் பெயராற் கொடியேறும். இக்கரையிலே 1980களிலும் 1990இலும் நடந்தவற்றை இம்மலரின் வாசகர்க்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. இரு பக்கத்தும் மீளாதவர் உளர். எல்லை பற்றிய சொற்கள் இன்றும் நம்மிடையே அடங்கவில்லை. மொழி ஒன்றாயிருத்தல் மட்டுமே ஒற்றுமைக்குப் போதாது என்பதை ஸ்பெயினின் வரலாறு மட்டுமன்றி நம் வரலாறும் உணர்த்திற்று.

எனின், எது போதும்? ஒருவர் ஆக்கியதை மற்றவர் கற்றல் வேண்டும். குறைகாண்பதற்காகவன்றி, தமதாக்கிக் கொள்வதற்காகக் கற்றல் வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியபோது, அவரிடம் தமிழ் பயின்றவர் பாணந்துறைப் பகுதியைச் சேர்ந்த ம. மு. உவைஸ். துறவுக்கோலம் பூண்ட ஓர் இந்து முனிவரின் மாணவர், முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய பணியை ஆராய்ந்து, 1953இலே ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலே இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்குப் பேராசிரியராக அமர்ந்து, அதன் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதுவித்தலிலும் எழுதுதலிலும் முன்னின்றார். கடிகைமுத்துப் புலவருக்கு உமறு வாய்த்தவாறே அடிகளாருக்கு உவைஸ் வாய்த்தார்.

நம் கல்லூரியின் பழைய மாணவர்களை ஒன்று வேண்டிக்கொள்கின்றேன். உங்கள் ஊரிலும் அயலூரிலும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும், மசலா, மாலை, முனாஜாத்து ஏடுகளும் எஞ்சியிருக்கலாம். கடலும் கறையானும் காத்திருக்க மாட்டா. அவற்றைப் படமெடுத்து வையுங்கள். இராகத்தோடு சொல்லவல்ல முதியோர் இருப்பின், அவர் குரலைப் பதிவுசெய்யுங்கள். நம் கல்லூரி நூலகத்திலே தேவாரத்துக்கும் திருவாசகத்துக்கும் அருகே சீறாப்புராணத்துக்கும் ஓரிடம் இருக்கட்டும். அலங்காரத்துக்கன்று, மாணவர் எடுத்துப் படிப்பதற்கு.

அந்த மாணவி இப்போது பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டாள். அன்று யான் கூறத் தவறிய விடையை இம்மலரின் வாயிலாகக் கூறுகின்றேன்: பிள்ளை, அது உமறு ஆக்கியது, ஆதலின் உங்களுடையது. அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் கடிகைமுத்துப் புலவர். ஆதலின் எங்களுடையதும் ஆகும். நீ அதனைப் படித்தாய். யான் அதனைப் படிப்பித்தேன். இனி அதனைப் பிரிப்பது எவ்வாறு?